எனக்காகப் பேச ஒரு வாய்

மார்ச் 4, சுவா, ஃபிஜி
இன்றைய செய்தித்தாளிலும் என் படம். "குவாரி பிள்ளை யாருக்காக ஓடுகிறார்?" எனக்காகத்தான் ஓடுகிறேன், இதில் என்ன ரகசியம்? தேர்தலில் யாருக்கும் பெரும்பான்மை இல்லை. இரண்டு கட்சித் தலைவர்கள், ராத்து இசிகேலியும் தோமாசியும், கைகோத்தால்தான் ஆட்சி. கோத்துவைத்தால், ராத்து தலைவராக இருக்கும் ஊரில் மூடிக்கிடக்கும் என் குவாரி திறக்கும். அங்கே என் இயந்திரம் அவர்களுடைய பழைய இடுகாட்டைத் தோண்டிவிட்டது. அதையும் மறந்துவிடுவார்.

மார்ச் 6
ராத்து மசியவில்லை. "மேடையில தோமாசி என்னைப் பல்லுப் போன கிழவன்னான்ல? முறையா வந்து மன்னிப்புக் கேக்கச் சொல்லு."

இவர்கள் முறை என்றால் மன்னிப்புக்குத் திமிங்கலப் பல் காணிக்கை வைக்க வேண்டும். தோமாசியிடம் பல்லும் இல்லை, பணிவும் இல்லை. பல்லை நான் கொடுக்கலாம். பணிவுக்கு எங்கே போவேன்?

மார்ச் 7
"நாளைக்குப் பாக்கலாம் பிள்ளை" என்கிறான் தோமாசி. சே.

மார்ச் 9
முடிந்தது. தோமாசி தலைகுனிந்து உட்கார, அவன் மாமா என் பல்லை ஏந்திப் பேசினார். ராத்து வாங்கிக்கொண்டார். யங்கோனா வேர்ச்சாற்றுக் கிண்ணம் சுற்றி வந்தது. நானும் கைதட்டி வாங்கிக் குடித்தேன். நிம்மதி.

மார்ச் 12
பதவியேற்பு. எனக்கு அழைப்பில்லை. போகட்டும். குவாரியைப் பற்றிக் கேட்டேன்.

"அந்தப் பல்லு தோமாசிக்காக வந்தது" என்றார் ராத்து. "எங்க முன்னோர் எலும்புக்காக இன்னும் யாரும் வரலையே."

"பல்லு என்னோடது, ராத்து."

"யாரு வாங்கினதுன்னா கேட்டேன்? யார் பேரைச் சொல்லி வந்ததுங்கறதுதான் கணக்கு."

இத்தனை வருஷம் இவர்களோடு உட்கார்ந்தவனுக்கு இது தெரியாதா? தெரியும். வியாபாரப் புத்தி, ஒரே கல்லில் இரண்டு மாங்காய் பார்த்தது.

மார்ச் 15
அலைந்து இன்னொரு பல் பிடித்துவிட்டேன். ஆனால் தப்பு செய்தவன் வாய் திறக்கக் கூடாது, அவனுக்காக வேறொருவர்தான் பேச வேண்டும். தோமாசியைக் கேட்டேன்.

"நான் இப்ப அமைச்சர். உங்ககூடப் படம் வந்தா நல்லாவா இருக்கும்? நீங்களே சொல்லுங்க."

அவன் மாமாவுக்கு முதுகுவலியாம். பாவிகளா, உங்களுக்காக எத்தனை வாசல்படி ஏறி இறங்கினேன்!

மார்ச் 19
எதிர்க்கட்சிக்காரன் செமிசி போன் செய்தான். "பிள்ளை, எங்களுக்காக ராத்துகிட்ட ஒரு வார்த்தை பேசணுமே."

"முதல்ல எனக்காக நீ ஒரு வார்த்தை பேசுவியா?"

விழுந்து விழுந்து சிரித்தான். வேடிக்கை என்று நினைத்துவிட்டான்.

பல் சாப்பாட்டு மேஜைமேல்தான் கிடக்கிறது. என் மனைவி சுசீலா அதை நகர்த்திவிட்டுத் தட்டு வைத்தாள். நாளைக் காலை ராத்துவைப் பார்க்கப் போகிறேன், செமிசிக்காக.