அம்மாவின் நெஞ்சில் அடைப்பில்லை

இராஜாக்கமங்கலம் துறை

அன்பு மகள் லிஜாவுக்கு அப்பா எழுதுவது. மாதா காவலில் நானும் அம்மாவும் நலம், அங்கே குவைத்தில் உன்னையும் அவளே காக்க வேண்டும்.

போனில் நீ அழுகிறாய், அதைக் கேட்டு அம்மாவும் அழுகிறாள், எதையும் முழுதாகச் சொல்ல முடியவில்லை, அதனால் எழுதி, லீவு முடிந்து அங்கே திரும்பும் நம் பக்கத்து வீட்டு ஜெமியிடம் கொடுத்தனுப்புகிறேன். அன்று அவன்தான் நீ தங்கியிருக்கும் கட்டடம் எரிகிற வீடியோவை அம்மாவிடம் காட்டினான். நீ போனை எடுக்கவில்லை. அரிந்த சாளை மீனை அப்படியே போட்டுவிட்டுக் கடற்கரைக்கு என்னிடம் ஓடிவந்தவள், "இஞ்சேருங்க, பிள்ள போன் எடுக்கல்லியே" என்று சொல்லி நெஞ்சைப் பிடித்தபடி மணலில் உட்கார்ந்துவிட்டாள். ஆட்டோவில் நாகர்கோவிலுக்குப் போகிற வழியில் உன் போன் வந்தது. உன் குரலைக் கேட்டதும், "பிள்ள இருக்கா, இனி வீட்டுக்குப் போவலாம்" என்றாள். ஜெமி விடவில்லை. "மாமி, இப்பிடி வேர்க்குதே, ஆஸ்பத்திரிக்குத்தான் போணும்" என்று கூடவே வந்தான். அது நல்லதாயிற்று.

ஆஞ்சியோவில் அடைப்பு எதுவும் இல்லை. திடீர்ப் பயத்தில் ரத்த அழுத்தம் ஏறும், ரத்தம் தடித்துச் சீக்கிரம் கட்டிப்படும், அடைப்பு உள்ளவர்களுக்கு அது மாரடைப்பாகவே முடியலாம், அம்மாவுக்கு இதயத்தின் தசைதான் அதிர்ச்சியில் தளர்ந்திருக்கிறது, தேறிவிடும் என்று டாக்டரம்மா சொன்னார்.

போனை ஒரு தடவை பார்த்திருக்கலாமே என்று நீ புலம்புகிறாயாம். தீயில் வெந்து உன் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களுக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்த கை போனை எப்படி எடுக்கும் லிஜா மக்களே? அம்மாவும் அதைத்தான் சொல்கிறாள், "அவ நர்சு வேலையத்தானே பாத்தா, இதுல அவளுக்கு என்ன குத்தம்" என்கிறாள். எங்கள் கவலை இப்போது நீதான். சைரன் சத்தம் கேட்டாலே படபடக்கிறது, உறக்கம் இல்லை என்று ஜெமியிடம் சொன்னாயாமே. நர்சுக்கும் உடம்பு ஒன்றுதான். பிரஷரைப் பார், அங்குள்ள டாக்டரிடம் மனம்விட்டுப் பேசு, எங்களிடமும் மறைக்காதே.

நேற்று மறுபடியும் ஸ்கேன் எடுத்தார்கள். இதயம் பழையபடி சுருங்கி விரிகிறதாம். அம்மா எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டு, "பிள்ள லீவுக்கு வரும்ப சந்தோசத்துலயும் நெஞ்சு அடிக்குமே டாக்டரே, அதுக்கு என்ன குளிக திங்கணும்" என்று கேட்டாள். டாக்டரம்மா சிரித்துவிட்டார். நான் வெளியே வந்து நன்றாக அழுதேன்.

எங்கள் ஆசீர் என்றும் உன்னோடு. வேளைக்குச் சாப்பிடு, பிரஷர் பார்த்ததும் எவ்வளவு என்று சொல்.

உன் அப்பா,
ஞானதாசன்