வெந்நீரில் அப்பமான இசைத்தட்டு

பதுளை
14.10.1979

அன்பு மகன் மொஹிதீனுக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கு எல்லோரும் சுகம், வாப்பாவின் முழங்கால் மட்டும் மழை வரப்போவதை வானொலிக்கு முன்பே சொல்லிவிடுகிறது. அந்த லண்டன் குளிரில் உன் நெஞ்சில் சளி கட்டக்கூடாது என்று ஐந்து வேளையும் துஆ கேட்கிறேன்.

நீ அனுப்பிய இசைத்தட்டு வந்து சேர்ந்தது. பண்டாரவளை றஷீதா மாமியின் மருமகன் அங்கிருந்து ஊருக்கு வரும்போது அதைத் தன் பெனியன்களுக்கு நடுவே வைத்துப் பத்திரமாகக் கொண்டுவந்து தந்தார், பாவம், நல்ல பிள்ளை. போன கடிதத்தை நான் அழுதுகொண்டே எழுதினேன், அதில் மாமாவின் தட்டு பழுதாகிவிட்டது, தங்கையின் கலியாணம் சீர்கெடப் போகிறது, அட்டையில் உள்ள பெயர் இதுதான், அதே தட்டை உடனே தேடி அனுப்பு என்று மட்டும் எழுதிவிட்டேன் போலிருக்கிறது. ஒரு பாட்டுக்கும் ஹம்ஸியாவின் கலியாணத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நீ கேட்டிருக்கிறாய். நியாயம்தான். இப்போது ஆறுதலாக உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

உன் பலீல் மாமா, என் கூடப்பிறந்த ஒரே தம்பி, பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கும் தேத்தண்ணிக் கடையை மறந்திருக்கமாட்டாய். எல்ல ஊர்ப்பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை தன் ஊருக்குப் போகும்போது விற்றுவிட்டுப் போன ரேடியோகிராமையும் ஒரேயொரு இசைத்தட்டையும் வாங்கி அவன் கடையில் வைத்தது நீ லண்டனுக்குப் போன பிறகு. அட்டையில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கறுப்பினப் பெண் பாடுவாள், பின்னால் நாலைந்து பேர் குழல் ஊதுவார்கள். பாட்டில் ஒரு சொல் எங்களுக்கு விளங்காது, ஆனால் அந்தக் குரலைக் கேட்டால் ப்ளேன்டீ ஆறிப்போவது தெரியாது. அதில் ஒரு கீறல் இருந்தது. ஒரு இடம் வந்ததும் அவள் பேபி, பேபி, பேபி என்று அங்கேயே சுற்றிக்கொண்டு நிற்பாள். கடையில் இருக்கிற எல்லோரும் பலகைத் தரையில் காலால் ஓங்கி ஒரு மிதி மிதிப்பார்கள், ஊசி குதிக்கும், அவளும் மேலே பாடிக்கொண்டு போவாள். மிதிப்பதற்கென்றே தேத்தண்ணி குடிக்க வருகிறவர்கள் இருந்தார்கள் மகன், நான் பொய் சொல்லவில்லை.

ரெண்டு மாதத்துக்கு முன் மாமா ஒரு ஜனாஸா அடக்கத்துக்காக ஹல்துமுல்லைக்குப் போகவேண்டி வந்தது. கடையைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் மச்சான் என்று உன் வாப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனான். உன் வாப்பாவின் சுத்தம்தான் உனக்குத் தெரியுமே, காசு வாங்கினாலும் கை கழுவுகிற மனிதர். தட்டில் யாரோ ரொட்டி தின்ற விரலை வைத்துவிட்டார்கள் என்று, தேத்தண்ணிக் கொதிகேத்தலைத் தூக்கி, சவர்க்காரமும் போட்டு, அந்தத் தட்டைக் கழுவிவிட்டார். அது ஓரம் தூக்கி நடு குழிந்து அச்சு அசல் அப்பமாகிவிட்டது, முட்டை ஊற்றாத குறை. நிமிர்த்தலாம் என்று அதன்மேல் அரிசி மூட்டையை வைத்தார், பிறகு தானே ஏறி உட்கார்ந்தார். மாமா வந்து பார்த்தபோதும் இவர் அதன்மேல்தான் உட்கார்ந்திருந்தார்.

மாமா ரேடியோகிராமை தான் உடுத்தும் சாரம் ஒன்றால் மூடினான். என்னைப் பார்த்து, “ராத்தா, மச்சான் இருக்கிற எடத்துக்கு இனி நான் வரமாட்டேன், ஹம்ஸியாட கலியாணத்துக்கும் என்னப் பாக்காதீங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான். தாய்மாமன் இல்லாமல் எந்த முகத்தோடு மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்பது. நளீரா மாமி, புருஷன் சாப்பிடுவதில்லை என்று வந்து அழுதாள். வாப்பா மூன்று தரம் மன்னிப்புக் கேட்கப் போனார், மூன்று தரமும் அவன் பின்வாசலால் தொழப் பள்ளிக்குப் போய்விட்டான். ஹம்ஸியா தைக்கக் கொடுத்த கலியாணச் சட்டையை வாங்கப் போகவில்லை. அந்த நிலையில்தான் உனக்கு அப்படி எழுதினேன்.

தட்டு வந்த அன்றே நானும் ஹம்ஸியாவும் அதைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனோம். கம்பனிக்காரர்கள் பழைய பதிவை எடுத்துத் திரும்பப் புதிதாக அடித்து விற்கிறார்கள் என்று நீ எழுதியதையும் வாசித்துக் காட்டினேன். மாமா அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். “அவட சட்ட மண்ணெறம், இது நீலம்” என்றான். பழைய அட்டையில் அவனே வருடக்கணக்காகத் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவைத்துத்தானே அது மண்ணிறமானது என்று நளீரா மாமி சொன்னாள். அதற்கும் அவன், “நேத்தைய கறியச் சுடவச்சு புதுக்கறி எண்டு நானே விக்கமாட்டேன், லண்டன்காரன் விக்கிறானா” என்று கேட்டான். ஹம்ஸியா பொறுக்கமுடியாமல் சாரத்தை இழுத்துப் போட்டுவிட்டுத் தானே தட்டை வைத்தாள். உன் தங்கைக்கு அவ்வளவு துணிச்சல் எங்கிருந்து வந்ததோ.

ஞாயிற்றுக்கிழமை, கடை நிறைய ஆட்கள். கரகரப்பு ஒன்றுமில்லாமல், பக்கத்து மேசையில் உட்கார்ந்து பாடுவது போல அவள் பாடத் தொடங்கினாள். எனக்கு நன்றாகத்தான் இருந்தது, மாமா மட்டும் வேற்றாளைப் பார்ப்பது போல நின்றான். பூனாகலைத் தோட்டத்து லொறிக்காரர் மாரிசாமி, “என்னங்க மொதலாளி, வேற பொம்பளயப் பாட வச்சிருக்கீங்க?” என்று கேட்டுவிட்டார். மாமா தட்டை எடுக்கக் கையை நீட்டினான். அதற்குள் அந்த இடம் வந்துவிட்டது. அவள் ஒரேயொரு தரம் பேபி என்று சொல்லிவிட்டு மேலே போகப் பார்த்தாள், ஆனால் கடையில் இருந்தவர்கள் பழக்கத்தில் எல்லோருமாக ஓங்கி மிதித்துவிட்டார்கள். ஊசி துள்ளிப் பின்னால் விழுந்தது. பேபி என்றாள். திரும்ப மிதித்தார்கள், திரும்பவும் பின்னால் போனது, பேபி என்றாள். மாரிசாமி மேசையில் அடித்துச் சிரித்தார். மாமா நீட்டிய கையை மடக்கிக்கொண்டு, “இப்பதான் ராத்தா இவ அவ” என்று சொல்லி, பச்சைப்பிள்ளை போலக் கண்ணைத் துடைத்தான். இப்போது அந்தத் தட்டிலும் ஒரு கீறல் விழுந்துவிட்டது மகன், நீ காசு கொடுத்து வாங்கியதாயிற்றே என்று எனக்கு வயிறு எரிகிறது, அவனோ அதைத் தடவித்தடவிப் பார்க்கிறான்.

அன்று மஃரிப் தொழுகைக்குப் பிறகு மாமா ஒரு தட்டு நிறைய வட்டிலப்பத்தோடு நம் வீட்டுக்கு வந்தான். வாப்பா கதவுக்குப் பின்னால் நின்றார். மாமா அவர் கையைப் பிடித்து ஸலாம் சொல்லி, “மச்சான், கலியாணத்துச் சமையல் முழுக்க என்ட பொறுப்பு, நீங்க அடுப்புப் பக்கம் வரப்படா, முக்கியமா கேத்தலத் தொடப்படா” என்றான். வாப்பா ரெண்டு கையாலும் அவனைக் கட்டிக்கொண்டார். பிறகு வட்டிலப்பம் சாப்பிடுவதற்கு முன் கை கழுவிவிட்டு வரச்சொன்னார், மாமாவும் மறுபேச்சில்லாமல் போய்க் கழுவினான். ஹம்ஸியா மறுநாள் காலையிலேயே சட்டையை வாங்கிவந்துவிட்டாள்.

உனக்கு அல்லாஹ் நீண்ட ஆயுளையும் பறக்கத்தையும் தரட்டும், உன் கைபட்ட வேலையெல்லாம் நல்லபடி முடியட்டும். கம்பளிச் சட்டை போடாமல் வெளியே போகாதே, பட்டினியாக வேலைக்குப் போகாதே. கலியாணம் வரும் மாதம் பிறை பார்த்த பிறகு, லீவு கேட்டு வந்துவிடு. வரமுடியாவிட்டால் அதை எனக்கு எழுதாதே, தங்கைக்கு எழுது, அவள் என்னிடம் பக்குவமாகச் சொல்வாள்.

உன் நினைவாகவே இருக்கும்
உம்மா ஸவாஹிரா மஹ்ரூப்