மைனி இல்லாமல் கூடிய சங்கம்

என் பொன்னான மைனி,

இங்கே எல்லாரும் சுகம். உங்களைக் கட்டிய என் அண்ணன் வேளைக்குச் சாப்பிடுகிறார், சாப்பாட்டில் குற்றமும் சொல்கிறார், ஆகவே அவரைப் பற்றிக் கவலை வேண்டாம். ஐப்பசியில் நம் ஊர் மதராஸ் ராஜ்யத்தோடு சேர்ந்துவிட்டது. தக்கலையில் வெடி போட்டு மிட்டாய் கொடுத்தார்கள். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய சந்தோஷம் ஒன்று உண்டு. உங்கள் மாதர் சங்கம் உயிரோடு இருக்கிறது.

வயலுக்குப் போகிற பெண்களின் பிள்ளைகளைப் பகலில் வைத்துப் பார்க்க நீங்கள் தொடங்கிய சங்கம் அது. பண்ணையாரிடம் பேசி தேங்காய் போட்டுவைக்கும் அவருடைய ஓலைப்புரையைக் கேட்டு வாங்கியது, கஞ்சிக்கு அரிசி திரட்டியது, சண்டை வந்தால் தீர்த்தது, எல்லாம் நீங்களேதான். நாங்கள் கூட்டத்துக்கு வந்து, நீங்கள் சொன்னதற்குத் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போவோம்.

ஆனியில் காய்ச்சலென்று படுத்த நீங்கள் பிறகு எழுந்திருக்கவில்லை. பதினாறாம் நாள் காரியம் கழிந்து நாங்கள் கூடினோம். கடைசி வரிசையில் உட்காருகிற நம் பாக்கியம் முதலில் அழுதாள். அவளைப் பார்த்து எல்லாரும் அழுதோம். கூட்டம் அதோடு முடிந்தது. அடுத்த வாரமே கஞ்சிக்கு அரிசி இல்லை. யார் வீட்டில் போய்க் கேட்பதென்றுகூட எங்களுக்குத் தெரியவில்லை. இத்தனை நல்ல மனசு இருந்தும் பிள்ளைகளுக்கு ஒரு வேளைக் கஞ்சி வைக்க முடியாமல் போனதே, அது ஏன் மைனி?

அப்போதுதான் உங்கள் சிநேகிதி ரோசம்மை துக்கம் விசாரிக்க வந்தாள். குளச்சல் பக்கம் மீன் விற்கிற பெண்களுக்குச் சங்கம் நடத்துகிறாளே, அவளேதான். நடந்ததைக் கேட்டவள் மறுநாளே எல்லாரையும் கூட்டச் சொன்னாள். உபதேசம் ஒன்றும் செய்யவில்லை. ஒவ்வொரு வேலையாகச் சொல்லி, “இத யாரு செய்தது?” என்று மட்டும் கேட்டாள். எல்லாவற்றுக்கும் உங்கள் பெயரே வந்தது.

“செரி. இனி ஒரு காரியத்துக்கு ரெண்டு ஆளு. ஒருத்தி படுத்தா மத்தவ செய்யணும்” என்றாள்.

கூட்டம் நடத்தவும் மாதம் ஒருத்தி என்று முறை வைத்தோம். முதலில் பட்ட பாட்டை என்னவென்று சொல்ல? ஒரு நாள் இரண்டு பேரும் அரிசி கொண்டுவந்தார்கள், மறுநாள் இரண்டு பேரும் கொண்டுவரவில்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ரோசம்மை வாராவாரம் பஸ் ஏறி வந்து மூலையில் உட்கார்ந்திருப்பாள். என்ன செய்வதென்று அவள் முகத்தைப் பார்த்தால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். வேறு வழியில்லாமல் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கத் தொடங்கினோம். கொஞ்ச காலத்தில் அவள் வருவதையும் நிறுத்திக்கொண்டாள்.

கார்த்திகைக் கூட்டத்தின் நடுவே பண்ணையார் வந்து நின்றார். புரையை உங்களை நம்பித்தான் கொடுத்தாராம், இனித் திரும்ப வேண்டுமாம்.

“இங்க தலைவி யாரு? யாருட்ட பேசணும்?” என்றார்.

அந்த மாதம் பாக்கியத்தின் முறை.

“கூட்டத்திட்ட பேசுங்கோ. ஒங்களுக்கு மின்ன ரெண்டு காரியம் கிடக்கு, அது முடியட்டு. அதுவர இரியுங்கோ” என்றாள்.

புரையில் ஏது நாற்காலி? அவர் சுற்றும்முற்றும் தேடினார். பிறகு வேட்டியை ஒதுக்கிக்கொண்டு பிள்ளைகளின் பாயில் உட்கார்ந்தார். பிள்ளைகளை அம்மை குத்த யார் கூட்டிப் போவது என்று விவாதம் நடந்தது. அவரும் நடுவில் யோசனை சொல்லப் போனார். ஒங்க முறை வரட்டு என்று பாக்கியம் அவரை நிறுத்தியதும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

முறை வந்தபோது அவர் சொன்னது இது: “அந்த அம்மா போயாச்சு, இனி இது ஓடாதுன்னு நெனச்சுத்தான் சாவி வாங்க வந்தேன். எனக்க வீட்டிலகூட இப்பிடி ஒரு முறையில்ல, கேட்டியளா. புரை இங்கயே இருக்கட்டு. ஓலையும் மாத்தித் தாறேன்.”

நாங்கள் கும்பிடப் போனோம். பாக்கியமோ, இதை ஏற்றுக்கொள்கிறவர்கள் கை தூக்கலாம் என்றாள். எல்லாக் கைகளும் உயர்ந்தன. பண்ணையாரும் தூக்கினார். அவர் தலை மறைந்ததும் பாக்கியம் பாயில் தொப்பென்று உட்கார்ந்து, “யம்மா, பண்ணையாரையா நான் இரியச் சொன்னேன்!” என்றாள். நாங்கள் சிரித்த சிரிப்பில் தூங்கிய பிள்ளைகள் எல்லாம் விழித்துக்கொண்டன.

நீங்கள் இல்லாமலே நடக்கிறதென்று உங்களுக்கு வருத்தமா மைனி? கூட்டம் முடிந்து வீட்டுக்கு நடக்கும்போதெல்லாம் இதைக் கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, பிறகு எங்களைவிடச் சத்தமாகச் சிரித்திருப்பீர்கள் என்றே தோன்றுகிறது.

திற்பரப்புப் பக்கம் சில பெண்கள் சங்கம் தொடங்குகிறார்கள். எங்களை வந்து பேசச் சொல்லியிருக்கிறார்கள். தையில் பாக்கியமும் நானும் இன்னும் சிலரும் மாற்றுத் துணியோடு பஸ் ஏறுகிறோம், வேலை முடிந்தால் அருவியில் குளியல். அங்கே எல்லாவற்றையும் நானே பேசித் தீர்க்க மாட்டேன். கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு, அவர்கள் பதில் சொல்லும்வரை வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நம் வீட்டுப் பெண்களுக்கு அது எத்தனை கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் இது நான் உங்களுக்குத் தருகிற வாக்கு.

உங்களை மைனி என்று அழைக்கக் கொடுத்துவைத்த நாத்தனார்,
பகவதி