நாலாம் பாத்தியில் பீன்ஸ்

ஜூன் 22, ஞாயிறு. சித்தூர்.
காலையில் தூறல். பத்து மணிக்கு வெயில்.

எல்லாம் நான் முன்பே சொன்னதுதான். அக்கா மகள் ஸ்டெல்லா படிப்பை முடித்ததும் கையில் ஒரு தாளோடு வந்து நிற்பாள், சர்ச்சுத் தோட்டத்தில் மூக்கை நுழைப்பாள் என்று போன கிறிஸ்துமஸுக்கே சொன்னேன். வந்து நின்றாள். திருப்பதியில் விவசாயம் படித்தவள். இப்போது அதே ஊரில் ஒரு துணிக்கடையில் நாளெல்லாம் நின்றபடி புடவை மடிக்கிறாள்.

கமிட்டியில் என் திட்டத்தை வாசித்தேன். எட்டுப் பாத்தி. புளிப்புக்குப் பின் கசப்பு, கசப்புக்குப் பின் இனிப்பு. அதாவது தக்காளி, பாகல், பூசணி. நாக்குக்கு எப்படியோ மண்ணுக்கும் அப்படியே. நான் எட்டாம் கிளாஸ்தான். ஆனால் பெங்களூரிலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் வந்து, பார்த்து, கண் கலங்கி, எழுதிக்கொண்டு போயிருக்கிறார்.

ஸ்டெல்லா எழுந்தாள். "தக்காளி, கத்திரி, மிளகா, உருளை நாலும் ஒரே குடும்பம் மாமா. ஒண்ணு இருந்த மண்ணுல அடுத்த வருஷம் இன்னொண்ணு வெக்கக்கூடாது. பீன்ஸ் இருந்த எடத்துல வெச்சா நல்லா வரும்."

"குடும்பமா? தாலி எடுத்துக் குடுத்தது யாரு?" என்றேன். கமிட்டியே சிரித்தது.

பாஸ்டர் சிரிக்கவில்லை. அவளுக்கு ஒரு பாத்தி கொடுங்கள், அறுப்பின் பண்டிகைக்கு அதில் விளைந்ததைப் பீடத்துக்குக் கொண்டுவரட்டும் என்றார். விளைந்தால் சபை ஹாஸ்டல் தோட்ட வேலை அவளுக்கு, சம்பளத்தோடு. ஒன்பது வருஷமாக என் கையில் இருக்கும் இந்தத் தோட்டத்தின் பொறுப்பும் அவளுக்கே. துணிக்கடையை விடலாம். அவள் முகத்தில் வந்த வெளிச்சம்! எனக்கு வயிறு எரிந்தது. மோர் குடித்தேன்.

ஜூன் 28, சனி.
காற்று. மண்வெட்டிக்குப் பிடி மாற்ற வேண்டும்.

வாங்க: சணல், பல்பொடி, கல் உப்பு.

முதல் பஸ்ஸில் வந்துவிட்டாள். எந்தப் பாத்தியில் எது இருந்தது என்று இங்கே யாரும் எழுதி வைப்பதில்லை. எல்லாம் என் தலைக்குள். என்னைத்தான் கேட்டாக வேண்டும். கேட்டாள்.

"மாமா, நாலாம் பாத்தியில போன வருஷம் இன்னா வெச்சிருந்தீங்க?"

"பீன்ஸ்மா. கொத்துக் கொத்தா. பறிச்சிப் பறிச்சி வெரலே பச்சையாப் பூட்ச்சி. பக்கத்துத் தெருவே துன்னுச்சி."

நோட்டில் எழுதிக்கொண்டாள். பா. 4 பீன்ஸ். அடியில் இரண்டு கோடு. "அப்போ கத்திரிக்கு இதான் எடம்." நாற்பது நாற்று. வாளி வாளியாக நானே தண்ணீர் தூக்கிக் கொடுத்தேன். மாமா என்றால் அப்படி.

ஆகஸ்ட் 9, சனி.
புழுக்கம். இடது முழங்கால் வலி.

கத்திரி பூ விட்ட கையோடு தொங்கிவிட்டது. காலையில் நிற்கிறது, மதியம் தலை சாய்கிறது. எண்ணிப் பார்த்தேன். நாற்பதில் முப்பத்தொன்று போச்சு. பக்கத்துப் பாத்தியில் என் பூசணி யானைக்குட்டி மாதிரி படுத்திருக்கிறது.

ஸ்டெல்லா ஒரு தண்டை அறுத்துக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் நிறுத்தினாள். வெட்டிலிருந்து பால்போல நூல் நூலாக இறங்கியது. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

"இது மண்ணுல இருந்து வர்ற வாடல் மாமா. தக்காளி செத்த மண்ணுல கெடக்கும். நெஜமா பீன்ஸ்தானா?"

"போயி பைபிள எடுத்துக்கினு வா. கை வெச்சி சொல்றேன்."

அவள் இடத்தை விட்டு அசையவில்லை. "வேணாம் மாமா. ஒங்கள நம்பாம யார நம்பறது? நாத்தோடதான் வந்திருக்கணும். நான்தான் பாத்து வாங்கல."

டம்ளரைக் கழுவி வைத்தேன்.

செப். 14, ஞா.
அறுப்பின் பண்டிகை. நல்ல வெயில். புது வேட்டி.

என் பூசணியை இரண்டு பேர் தூக்கினார்கள். நாலு பேர் என்று சொல்லிக்கொள்ளலாம். வரிசையில் எனக்குப் பின்னால் ஸ்டெல்லா. தட்டில் மூன்று கத்திரிக்காய், சுருங்கி, சுண்டைக்காய்க்கு அண்ணன் மாதிரி. சந்தையில் நாலு கிலோ வாங்கி வைத்திருக்கலாம், பாதிப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். இவள் மாட்டாளாம்.

ஆராதனை முடிந்து ஏலம் விட்டது நான். அவள் தட்டை உயரத் தூக்கினேன். "பட்டம் வாங்கின கத்திரிக்கா! யாருக்கு வேணும்?" ஒரே சிரிப்பு. பின் பெஞ்சிலிருந்து சாராளம்மா: "படிச்சது வெச்சது பட்டுப்பூட்ச்சி, படிக்காதது வெச்சது காய்ச்சிக்கினு கீது!" யாரும் ஏலம் கேட்கவில்லை. மூன்றையும் பாஸ்டரே எடுத்துக்கொண்டார்.

ஸ்டெல்லா எழுந்து சபை முன்னால் சொன்னாள். "மாமா நல்ல எடமாத்தான் காட்டினாரு. நாத்து வாங்கினது என் தப்பு." குரல் உடையவில்லை. உடைந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

ஹாஸ்டல் வேலை இல்லை என்று பாஸ்டர் அவளிடம் தனியாகச் சொன்னார். நான் வேப்பமரத்துக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். மட்டன் பிரியாணி, இரண்டு முறை.

செப். 15, திங்.
மேகம். மழை இல்லை.

நோட்டீஸ் போர்டில் தோட்டப் பொறுப்பு, என் பெயர். பத்தாவது வருஷம்.

அக்கா வந்து ஸ்டெல்லாவின் நோட்டைக் கொடுத்துவிட்டுப் போனாள். "காலையிலயே கடைக்குப் பூட்டாடா. இது மாமாவுக்கு ஒதவும், குட்த்துடுன்னா." நல்ல நோட்டு. கையெழுத்து முத்து முத்தாக. வாடல் வந்த மண்ணில் மூன்று வருஷத்துக்கு அந்தக் குடும்பமே கூடாது என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறாள்.

அடுத்த வருஷம்: பா. 1 பாகல். பா. 2 பூசணி. பா. 3 முள்ளங்கி. பா. 4 கீரை மட்டும். தக்., கத்., மிள. கூடவே கூடாது, மூன்று வருஷம். அங்கே பீன்ஸ் இருந்ததே இல்லை, நான் கட்டிவிட்ட கதை. தக்காளிதான். வாடிச் செத்ததையெல்லாம் அங்கேயே புதைத்தவனும் நான்தான்.