இரண்டு சுழி

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் மாடிப்படி ஏற விடுகிறதா?

"மீதி ரெண்டு கதவை யாருடா கழட்டினது?" என்று போட்டோவைப் பார்த்து அம்மா கேட்டாளே, அந்த இரண்டு கதவுப் பழைய ஸ்போர்ட்ஸ் கார் இப்போது என்னிடம் இல்லை. கவலைப்படாதீர்கள், வேலை இருக்கிறது. என் காசில் வாங்கினாலும், இங்கே வெளிநாட்டுக்காரன் பெயரில் பதிய மாட்டார்கள் என்பதால் ஒர்க்‌ஷாப் முதலாளி பெயரில் பதிந்திருந்தேன். எட்டு மாத விடுமுறை நாட்களையெல்லாம் போட்டு, இன்ஜினைப் பிரித்துக் கோத்து, துரு சுரண்டி, கருநீலப் பெயின்ட் அடித்து முடித்ததும் முதலாளி அதைத் தன் மருமகனுக்குக் கொடுத்துவிட்டார். "உனக்கென்னப்பா, கையில தொழில் இருக்கு, இன்னொண்ணு பண்ணிக்க" என்றார். பெரிய மனசு.

வண்டி வாங்கிய அன்றே பின்கண்ணாடியில் 'அப்பா துணை' என்று எழுதியிருந்தேன். "அந்தக் கிறுக்கலை மட்டும் சொரண்டிடு" என்றார் மருமகன். பிளேடு வைத்துச் சுரண்டும்போதுதான் கவனித்தேன். 'துணை'க்கு மூன்று சுழி போடாமல் இரண்டு சுழிதான் போட்டிருக்கிறேன். எட்டு மாதமாகத் தெருவைப் பார்த்தபடி நின்றிருக்கிறது. தப்பு என்று சொல்ல இங்கே தமிழ் படிக்கத் தெரிந்த ஓர் ஆள் இல்லை.

இந்தக் கடிதத்திலும் பிழை இருக்கும். பழையபடி சிவப்பு மையில் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புங்கள். வேலைக்கு மணி அடித்துவிட்டது.

உங்கள் மகன்