ஒன்பது நாளுக்கு ஒரு கழுவல்

நாள் 212, காலை 06:10
வடிகட்டும் இரும்புப் படுக்கை சீராக ஓடுகிறது. உள்ளே வரும் கழிவுநீரில் குரோமியம் லிட்டருக்கு 4.1 மில்லிகிராம். வெளியேறும் நீரில் 0.02. இன்று கழுவும் நாள்: நீர்த்த அமிலம் நாற்பது லிட்டர், இருபது நிமிடம். இரும்பின்மேல் படிந்த துருத்தோல் கரைந்து, உலோகம் மறுபடி பளபளத்தது.

இதைக் கண்டெடுப்பவருக்கு: என் பெயர் சலோமி. வயது அறுபத்தேழு. படிப்பு எட்டாம் வகுப்பு. செவ்வாயில் நெடுங்கரை நிலையத்தின் கழிவுநீர்ப் பிரிவு என் பொறுப்பு. உலையைக் குளிரவைக்கும் குழாய், கை நுழையாத இடத்தில் கசிகிறது. அதிலுள்ள குரோமிய நஞ்சு எல்லாக் கழிவுநீரிலும் கலக்கிறது. அந்த நீரைத்தான் சுத்தம் செய்து முப்பத்தோரு பேர் குடிக்கிறோம். பட்டறையில் லேத் இயந்திரம் உதிர்த்த இரும்புச் சுருள்களைத் தொட்டியில் நிரப்பி, நஞ்சைப் பிடிக்கும் வழியைக் கண்டவள் நான். வாணியம்பாடிப் பக்கம் தோல் பதனிடும் ஆலைக் கழிவுநீரோடு முப்பது வருடம் நின்று கற்றது. யாரும் சொல்லித் தரவில்லை.

நாள் 214, பகல் 13:40
தலைமைப் பொறியாளர் ரகுவீரன் பூமிக்கு அனுப்பிய அறிக்கையைப் படித்தேன். நாற்பத்தாறு பக்கம். தலைப்பு 'ரகுவீரன் முறை'. என் பெயரைத் தேடினேன். நாற்பத்து நாலாம் பக்கத்தில்: "பராமரிப்புப் பணியாளர் ஒருவர் உதவினார்."

ஒருவர்.

நாலு மாதம் என் பக்கத்தில் நின்று குறித்துக்கொண்டு போனவன். கழுவும் நாளில் மட்டும் வர மாட்டான், அமில நெடியில் தலை வலிக்குமாம். அதனால் அறிக்கையில் கழுவலைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அவன் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

நாள் 221, காலை 06:00
கழுவும் நாள். கழுவவில்லை.

யாருக்கும் நஞ்சு போகாது. அளவு மீறினால் குடிநீர் வால்வு தானே மூடிக்கொள்ளும். சேமிப்புத் தொட்டியில் ஆறு நாள் தண்ணீர் உண்டு. நான் கொலைகாரி அல்ல. அவன் முறை அவன் கையிலேயே சாக வேண்டும், அவ்வளவுதான்.

நாள் 230, காலை 06:00
கழுவும் நாள். கழுவவில்லை. நன்றாகத் தூங்கி எழுந்தேன்.

நாள் 233, காலை 11:25
வெளியேறும் நீர் 2.9. வால்வு மூடிக்கொண்டது. ரகுவீரன் இறங்கி வந்தான். குழாயைத் தட்டினான். தொட்டிமுன் நின்று தன் அறிக்கையைத் தானே படித்தான். நான் கிழிந்த கையுறையைத் தைத்துக்கொண்டிருந்தேன். ஏறிப் போய், மேலிருந்து ஒலிபெருக்கியில் கூப்பிட்டான்.

"ஏதோ ஒண்ண மறைக்கிறீங்க. ஏம்மா இப்படிப் பண்றீங்க? முப்பத்தோரு பேர் இருக்கோம்."

"எனுக்கும் எண்ணத் தெரியும் சார். அதுல நானும் ஒருத்தி. மொதப் பக்கத்துல எம் பேர் வரணும்."

நாள் 235, மாலை 16:00
சமையற்கூடத்து ஜமீலாவின் அழைப்பு: "அக்கா, தண்ணி மிச்சம் புடிக்கறன்னு சார் ரெண்டு நாளா குளிக்கல. கிட்ட நின்னு சோறு போட முடியல. கொஞ்சம் மனசு எறங்கேன்!"

வெகு நேரம் சிரித்தேன். மனம் இறங்கவில்லை.

நாள் 237, காலை 08:15
பணிந்தான். பூமிக்கு அனுப்பிய திருத்தத்தை எனக்கும் படித்துக் காட்டினான். "இம்முறையைக் கண்டறிந்தவர் திருமதி சலோமி. இனி இது சலோமி முறை என்றே வழங்கப்படும். போதுமாம்மா?"

"போதும் சார். மத்தியானம் தண்ணி வரும்."

09:30
அமிலம் ஏற்றினேன். உள்ளே அழுத்தம் ஏறுகிறது. மறுபக்கம் ஒரு சொட்டும் வரவில்லை.

11:05
மூடியைத் திறந்தேன். கம்பியை இறக்கினேன். பாறையில் மோதியதுபோல் 'ணங்' என்றது.

ஒன்பது நாளைத் தாண்டி நான் ஒருதரமும் விட்டதில்லை. இருபத்தைந்து நாள் விட்டால் என்ன ஆகும் என்று எனக்கே தெரியாது. மேல்தோல் கொஞ்சம் தடிக்கும், கூடுதலாக அமிலம் விட்டால் போகும் என்று நினைத்தேன். சுருள்கள் துருவால் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன. தொட்டி முழுக்க ஒரே கட்டி.

வேறு சுருள் இல்லை. இருந்ததெல்லாம் இதில்தான். லேத் போன வருடமே நின்றுவிட்டது. ஜன்னலுக்கு வெளியே கண்ணெட்டும் வரை செம்மண்ணெல்லாம் இரும்புதான், எல்லாம் என்றைக்கோ துருப்பிடித்துச் செத்த இரும்பு. அடுத்த கப்பலுக்கு நூற்று நாற்பது நாள். சேமிப்பில் இரண்டு நாள்.

15:40
உளியால் நாலு மணி நேரம் கொத்தினேன். ஒரு கைப்பிடி உதிர்ந்தது. உள்ளங்கை கிழிந்து—

ஒலிபெருக்கியில் ஜமீலா: "அக்கா! பூமிலேர்ந்து உனுக்கு வாழ்த்து வந்துகீது! எல்லாரும் கை தட்றாங்கோ, கேக்குதா?"

கேட்கிறது.

"சலோமியம்மா, மத்தியானம்னு சொன்னீங்களே. தண்ணி எப்ப வரும்?"

கட்டியாகிவிட்டது என்று சொன்னால் அந்தப் பெயரை எடுத்துவிடுவான். எடுக்க விட மாட்டேன்.

அழைப்பு விளக்கு மறுபடி எரிகிறது.

"சலோமியம்மா?"

இத்தனை மாதத்தில் இன்றைக்குத்தான் அவன் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான்.

இன்னும் ஒருதரம் கூப்பிடட்டும்.