நிற்பாட்டிய பிறகும் நகர்ந்த மேசை

ரெய்னர்ஸ் லேன்,
18.10.2009

அன்பு மகன் ஜதுசனுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் கல்கரிக் குளிருக்குள் அப்படியே இருக்கவேண்டும். போனில் கதைத்தால் அம்மா பக்கத்தில் வந்து நின்றுவிடுவாள், அதுதான் கடிதம். நீ படிக்கிற காலத்தில் கராஜுக்குள் பாதியில் விட்டுப்போன, பலகையில் பூ வெட்டும் கம்ப்யூட்டர் மெஷினை ஒருவழியாக ஓடவைத்துவிட்டேன், மோர்டனில் ஒருவருக்குச் சாமியறைக் கதவும் வெட்டிக் கொடுத்தாயிற்று. பெருமைப்பட முதல் மிச்சத்தையும் படி.

மூன்று சேர்வோ மோட்டருக்கும் ஆளுக்கு ஆறு அம்பியர் என்றாலும் மூன்றும் ஒரே நேரத்தில் முழு மூச்சாய் இழுக்காது, மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கு, பன்னிரண்டு அம்பியர் தாராளம் என்று நீ படித்துப் படித்துச் சொன்னாய். நான் கேட்டேனா? ஊரில் பின்னேரமானால் கரண்ட் இறங்கி ட்யூப் லைட் பற்றாது, எதை வாங்கினாலும் ஒரு பங்கு கூட்டி வாங்கிப் பழகிய கை இது. லண்டனில் கரண்ட் இறங்காது என்று புத்திக்குத் தெரியும், கைக்குத் தெரியவில்லை. இருபத்தைந்து அம்பியர் ட்ரான்ஸ்போமரும் கரண்டைத் தேக்கிவைக்கப் பால்மா டின் அளவில் நாலு கப்பாசிட்டரும் போட்டேன். வோல்டேஜ் மட்டும் நீ சொன்னதைத் தாண்டவில்லை. சட்டென்று நிற்கிற மோட்டர், சைக்கிள் டைனமோ போலக் கரண்டைத் திருப்பி அனுப்பும், அதற்கு இடம் விடவேண்டும் என்றது எனக்கு உடனே விளங்கிற்று. கரண்டே இல்லாத வருஷங்களில் அம்மாவின் தம்பி குகதாசன் மாமா சைக்கிளைக் கவிழ்த்துப் பெடலைக் கையால் சுற்ற, ரேடியோவில் செய்தி கேட்டவர்கள்தானே நாங்கள். அவன் சித்திரையில் வன்னியிலிருந்து போனில் கதைத்ததுதான் கடைசி. சண்டை முடிந்த பிறகு முகாம்களில் விசாரித்தவர்களும் அப்படி ஒரு பெயர் இல்லை என்கிறார்கள்.

போன மாதம் ஒருநாள் அம்மா தேத்தண்ணீர் கொண்டுவந்த நேரம் நான் மோட்டர் ஸ்விட்சை நிற்பாட்டிவிட்டுக் கம்ப்யூட்டரை அணைத்தேன். பலகை பூட்டிவைக்கிற மெஷின் மேசை தானாக ஒரு சாண் நகர்ந்து நின்றது. அம்மா கோப்பையை வைத்துவிட்டு, இஞ்சேருங்கோ, என்ர தம்பி வந்திட்டான் என்றாள். கம்ப்யூட்டர் அணையும்போது ஒரு பொய்ச் சிக்னல் போகும், கப்பாசிட்டரில் மிஞ்சிய கரண்ட் மேசையை இழுக்கிறது, நான் கூட்டிப் போட்ட வினை என்று விளக்கினேன். ஓம் என்றாள். அடுத்த நாளும் அதே நேரம் வந்து நின்றாள், பிறகு ஒவ்வொரு நாளும். நகருகிற மேசையில் கையை வைத்து, சாப்பிட்டியோடா என்று கேட்பாள். அந்தக் கரண்டை வடிக்க ஒரு சின்ன ரெசிஸ்டர் போதும், ஆணி போட்டுவைக்கிற லாச்சிக்குள்தான் கிடந்தது, போட மனம் வரவில்லை. பிறகு ஒருநாள் அவள் சால்வை மேசையை நகர்த்துகிற நீள ஸ்க்ரூவில் சுற்றி இழுபட்டது, நல்லகாலம் கிழிந்ததோடு போயிற்று. அன்றைக்கே போட்டுவிட்டேன்.

மறுநாள் அம்மா வந்தாள், நான் நிற்பாட்டினேன், மேசை அசையவில்லை. தேத்தண்ணீர் ஆறும்வரை நின்றாள். அவனையும் நிப்பாட்டிப் போட்டியளே என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள். அதற்குப் பிறகு கராஜ் பக்கம் வருவதில்லை. சண்டை இல்லை, சோறு போடுகிறாள், கதைக்கிறாள். அவள் கைக்கு ஒன்றும் வரக்கூடாது என்றுதான் செய்தேன், ஆனாலும் வீட்டுக்கு வந்த ஒருவனை வாசலோடு அனுப்பிவிட்ட மாதிரி நெஞ்சுக்குள் கிடந்து அறுக்கிறது. இப்போது நிற்பாட்டிவிட்டு நான்தான் மேசையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். கப்பாசிட்டரில் ஒன்றும் இல்லை, மீட்டர் வைத்தும் பார்த்தாயிற்று. ஆனாலும் நிற்கிறேன்.

நல்லூர் முருகன் உனக்கு எப்போதும் துணையாய் இருக்கட்டும், நேரத்துக்குச் சாப்பிடு, ஐஸில் கார் ஓட்டும்போது அவசரப்படாதே. ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குப் போன் எடு, மெஷின் கதையைத் தொடாதே. மாமா வந்தால் குளிருக்குப் போட ஒரு நல்ல ஜாக்கெட் வாங்கி அனுப்பு என்று உன்னிடம் கேட்கப்போகிறாள். யோசிக்காமல் ஓம் என்று சொல்லு. அவன் மெலிந்திருப்பான், சின்னதாய்ப் பார் என்பாள். நீ ஒரு அளவு கூட்டியே எடு.

இப்படிக்கு,
உன் அப்பா
சச்சிதானந்தன்